ஒரு ஷீட், எட்டுப் பலகை

ஜூலை 5, சனி

புத்தக அலமாரிக்கு வெட்டுப்படம் வரைந்து முடித்தேன். 1800 மி.மீ உயரத்தில் பக்கவாட்டுப் பலகை இரண்டு, 750 நீளத்தில் தட்டு ஆறு. எல்லாமே 300 அகலம். ஒரே 18 மி.மீ ப்ளைவுட் ஷீட்டில் அடங்கிவிடுகிறது.

எட்டடிக்கு நாலடி ஷீட் என்றால் மி.மீ கணக்கில் 2440க்கு 1220. அகலத்தை நாலாகப் பிரித்தால் 305 வருகிறதே என்று ஆசை காட்டும். ரம்பம் போகும் வழியில் ஏறக்குறைய 3 மி.மீ மரம் தூளாகிவிடும் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும். 300 என்று வைத்தால் 20 மிச்சம்: ஓரம் சீவ 5, நாலு வெட்டுக்கு 12. இழுத்துப் பிடித்த கணக்குதான், ஆனால் போதும்.

மேல்படலத்தின் ரேகை பெரும்பாலும் எட்டடிப் பக்கமாக ஓடும். தட்டுகளின் நீளமும் அதே வாக்கில் இருக்கும்படி படத்தில் அம்புக்குறி போட்டிருக்கிறேன். குறுக்கே போனால் புத்தகக் கனத்தில் தட்டு சீக்கிரம் தொய்யும்.

ஜூலை 9, புதன்

சென்னை பெரியமேடு சைடன்ஹாம்ஸ் சாலையில் ப்ளைவுட் விலை விசாரித்தேன். தண்ணீர் தாங்கும் ஐ.எஸ். 710 தர மரைன் ப்ளைதான் நல்லது என்றார் ஒரு கடைக்காரர். சமையலறைக்குச் சரி, தண்ணீரே படாத அலமாரிக்குப் பொது உபயோகத்துக்கான ஐ.எஸ். 303 தரம் போதும். மிச்சமாகும் பணத்தை, ஷீட்டை மேசையில் வைத்து நேராக அறுக்கும் பேனல் ரம்பத்தின் கூலிக்குக் கொடுக்கலாம். கைரம்பத்தில் அறுத்துத் தரும் கடைகளில் கூலி குறைவுதான்; விளிம்பைப் பார்த்தால் எலி கொறித்த மாதிரி இருக்கிறது.

ஜூலை 12, சனி

வெட்டும் பட்டறை. மெஷின் ஓட்டுகிற அண்ணன் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இஞ்சுல சொல்லுங்க சார்" என்றார். 300 மி.மீ என்பது 11 அங்குலம் ஆறரை நூல். எட்டு நூல் ஓர் அங்குலம், ஆக ஒரு நூல் 3 மி.மீக்குச் சற்று அதிகம். அரை நூல் இங்கே, அரை நூல் அங்கே என்று போனால் தட்டு ஆடும். "மெஷின் ஸ்கேல்ல மில்லிமீட்டர் இருக்கே அண்ணே, அதையே வச்சுக்கலாம்" என்றேன். சிரித்துக்கொண்டே சரி என்றார்.

அவரிடம் நான் வற்புறுத்தியது ஒன்றைத்தான். வெட்டும் அகலத்தை நிர்ணயிக்கும் கைடை 300இல் பூட்டிவிட்டு, நாலு பட்டையையும் இழுத்து முடிக்கும் வரை அதைத் தொடக் கூடாது. எல்லாம் 299.5 என்று வந்தாலும் கவலையில்லை; எட்டும் ஒரே அளவாக இருந்தால் அலமாரி நேராக நிற்கும். ஒவ்வொரு துண்டுக்கும் டேப் பிடித்துக் குறி போட்டு வெட்டினால் எட்டும் எட்டு விதமாக வரும். நீளத்துக்கும் அப்படியே: ஸ்டாப்பரை 750இல் வைத்துத் தட்டுகள் ஆறும், பிறகு 1800இல் பக்கப் பலகைகள்.

முதலில் லாரியில் இடிபட்ட ஓரத்தைச் சீவினார். நல்ல முகம் மேலே. இந்த மெஷினில் பல் மேலிருந்து கீழே இறங்குவதால் சிலும்பு அடிப்பக்கம்தான் வரும், அதற்கும் முன்னால் ஒரு சின்ன பிளேடு கோடு கீறிக்கொண்டே போகிறது. கையில் பிடிக்கும் சர்க்குலர் ரம்பத்தில் எல்லாம் தலைகீழ், நல்ல முகம் கீழே இருக்க வேண்டும்.

துண்டுகள் குட்டி யானையில் வீடு வந்தன. முழு ஷீட் முப்பது கிலோவைத் தாண்டும்; அதை மாடிப்படியில் திருப்ப யாரால் முடியும்?

ஜூலை 13, ஞாயிறு

தட்டுகளை அடுக்கி விளிம்பைத் தடவினேன், விரலில் எதுவும் தட்டவில்லை. எதிரெதிர்ப் பக்கங்கள் சமம், மூலைவிட்டம் இரண்டும் 808. மூலைமட்டத்தை விட எனக்கு இந்தச் சோதனையில்தான் நம்பிக்கை.

வெர்னியர் அளவியில் பலகையின் தடிமன் 17.4 காட்டுகிறது. 18 என்று விற்பதில் இது சகஜம். அதனால்தான் 6 மி.மீ முதுகுப் பலகையை நேற்று வெட்டச் சொல்லவில்லை. தட்டின் 750உடன் இரண்டு பக்கப் பலகைகளின் தடிமனையும் கூட்டினால், ஏட்டுக் கணக்குப்படி அகலம் 786, கையில் இருக்கும் பலகைக்கு 784.8. பசை போடாமல் ஒருமுறை பூட்டி, அளந்து, 784 என்று எழுதி வைத்திருக்கிறேன். புதன்கிழமை பட்டறைக்குப் போக வேண்டும். அதற்குள் விளிம்புக்கு எந்த நிறப் பட்டை ஒட்டுவது என்று வீட்டில் முடிவாக வேண்டும், அது இன்னும் ஆகவில்லை.