ரிவர்ஸே எடுக்க வேணாத பஸ் ஷெட்

அப்பா இங்க சிங்கப்பூர்ல 30 வருஷம் பஸ் ஓட்டினவரு. ரோட்டுல ஓட்டுறதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, ராத்திரி டெப்போவுல ரிவர்ஸ் எடுத்து சொருகுறதுலதான் உயிரு போகும்னு எப்பவும் சொல்வாரு. அதனாலதான் சோவியத் ஆர்க்கிடெக்ட் மெல்னிகோவ் மாஸ்கோவுல கட்டின பஸ் ஷெட் பத்தி படிச்சதும் அவர்கிட்டதான் முதல்ல சொல்லணும்னு தோணுச்சு.

சோவியத் கன்ஸ்ட்ரக்டிவிசம்னா (அலங்காரம் இல்லாம, வேலைக்கு ஏத்த மாதிரி கட்டுற 1920கள் பாணி) எல்லாரும் தாத்லின்னு ஒரு கலைஞரோட கோபுரத்த காட்டுவாங்க, அது கட்டவே இல்ல. எனக்குப் பிடிச்சது கடை, பேக்கரி, ஷெட் இதுங்கதான். வெஸ்னின் சகோதரர்கள் மூணு பேரும் மாஸ்கோவுல தொழிலாளிங்க ஏரியாவான கிராஸ்னயா பிரெஸ்னியாவுல ஒரு கடை கட்டினாங்க, மோஸ்தோர்க்னு பேரு, முன்பக்கம் முழுக்க பெரிய பெரிய கண்ணாடி, அதனால ராத்திரி லைட் போட்டா மொத்த கடையுமே ஷோகேஸ். மர்சாகோவ்னு ஒரு இஞ்சினியர் வட்டமா பேக்கரி போட்டாரு, மாவு மேல் மாடிக்குப் போயி, வட்டமா சுத்துற கன்வேயர்ல மாடி மாடியா இறங்கி கீழ ரொட்டியா வரும். (நம்ம சிங்கப்பூர் தியோங் பாரு குடியிருப்போட வளைவு மூலையப் பாத்து இதே ஸ்டைல்னு நினைக்காதீங்க, 1930கள்ல கட்டின அது ஸ்ட்ரீம்லைன் மாடர்ன், வேற குடும்பம்.)

சரி, ஷெட். 1920கள்ல மாஸ்கோவுக்கு இங்கிலாந்துலருந்து லேலண்ட் பஸ் வந்துச்சு. அந்த பஸ்ஸுங்க ஷெட்டுல முன்ன பின்ன எடுத்து திண்டாடுறத மெல்னிகோவ் நின்னு பாத்திருக்காரு. அப்புறம் கட்டடத்தையே இணைகரமா சாய்ச்சு வரைஞ்சாரு, வண்டியெல்லாம் படிக்கட்டு மாதிரி ஒண்ணுக்கொண்ணு தள்ளி நிக்கும், ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் நேரா போயிடலாம், ரிவர்ஸே வேணாம். கூரைக்கு இரும்புச் சட்டம் போட்டது இஞ்சினியர் ஷூகோவ், மாஸ்கோ ஷபோலோவ்காவுல அந்த ரேடியோ டவர் கட்டினாரே அவருதான். 1927ல முடிஞ்சது, பேரு பாக்மெதியெவ்ஸ்கி.

தேக்கா மார்க்கெட்டுல தே தாரிக் குடிச்சிக்கிட்டே பல்குத்தி குச்சிய சாய்வா அடுக்கி அப்பாவுக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசல.

"இந்த ஆளு பஸ் ஓட்டிருக்கானா?"

"இல்லப்பா, ஓவியம் படிச்சவரு."

"அப்ப டிரைவர நல்லா கவனிச்சிருக்கான்"னாரு.

இப்போ அது யூத மியூசியம், 2012லருந்துன்னு சொன்னேன். அத அவரு காதுலயே வாங்கல, ரெண்டு குச்சிய சேத்து வச்சு டபுள் டெக்கர் அந்த மூலையில திரும்புமான்னு நகத்தி நகத்திப் பாத்துக்கிட்டிருந்தாரு.