வேட்டி அறுத்த நாளும் கடைவீதியும்

சிங்கப்பூரில் இருக்கும் நம் பழைய மாணவர் சங்கத்திலிருந்து ஊருக்கு, அதாவது சேலத்துக்கு, போய்த் திரும்புகிறவர்கள் எல்லோரும் ஐந்து ரோட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 2020-இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலம், ஓமலூர் ரோட்டில் எழுந்துவிட்ட பெரிய பெரிய துணிக்கடைகள், சாரதா கல்லூரிச் சாலையின் உணவகங்கள் என்று அடுக்குகிறார்கள். சேலம் வளர்ந்துவிட்டது என்பதில் எனக்கும் பெருமைதான். "கடைவீதிப் பக்கம் போனீர்களா?" என்று கேட்டால் மட்டும், "அங்கே எதற்கு?" என்கிறார்கள். அந்தக் கேள்வி என் மனத்தைத் தைத்துவிட்டது. சங்க மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது வேறு எதையும் எழுதத் தோன்றவில்லை.

நம் பிள்ளைகளில் பலர் சிங்கப்பூரிலேயே பிறந்தவர்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் வழி சொல்லிவிடுகிறேன். கடைவீதி என்றால் நமக்கு ஒரே தெரு இல்லை. ராஜகணபதி கோயிலில் ஒரு தேங்காயை உடைத்துவிட்டுப் புறப்பட்டால் ஒரு பக்கம் முதல் அக்ரஹாரம், ஒரு பக்கம் பெரிய கடைவீதி. இன்னும் நடந்தால் சின்னக் கடைவீதி. கோட்டைப் பக்கம் திரும்பினால் பூ மார்க்கெட், அதை ஒட்டித் திருமணிமுத்தாறு, ஆற்றோரத்தில் காய்கறிக் கடைகள். அரிசி, பருப்பு, வெல்லம் மொத்தமாக வேண்டுமானால் செவ்வாய்ப்பேட்டைக்கும் லீ பஜாருக்கும் போக வேண்டும். இத்தனையும் ஒன்றோடொன்று நடந்தே போகும் தூரம். ஒருவர் ஒரு வேலையாக வந்தாலும் நாலு கடையைக் கடந்துதான் திரும்ப முடியும். அந்த வட்டாரத்தின் உயிரே அதில்தான் இருந்தது.

நாங்கள் அம்மாப்பேட்டை. அப்பா பட்டு வேட்டி நெய்தார். சேலம் வெண்பட்டு என்று ஊரெல்லாம் பெயர் பெற்ற வேட்டி அது. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை விரித்து, அறுந்த இழைகளை முடிந்து, அதைச் சுருட்டித் தறியில் ஏற்றுவார்கள். பிறகு வீட்டுக்குள் நாள் முழுக்கத் தறிச் சத்தம். நெய்து முடித்து வேட்டியை அறுத்த அன்று, அதை மடித்து முதலாளியிடம் கொடுத்துவிட்டுக் கூலியோடு பட்டைக்கோவில் வழியாகக் கடைவீதிக்கு நடப்பார். பள்ளி விட்டதும் நானும் தம்பியும் அவரோடு சேர்ந்துகொள்வோம். எங்கள் வீட்டில் மட்டுமா? அம்மாப்பேட்டை, குகை, பொன்னம்மாப்பேட்டை, தாதகாப்பட்டி என்று நாலா பக்கத்துத் தறிக்காரர்களும் கூலி வாங்கிய கையோடு அங்கேதான் வந்து இறங்குவார்கள். தறியில் விழுந்த காசு அன்று மாலையே கடைவீதியில் புரளும்.

முதல் அக்ரஹாரத்தில் ஒரு வெள்ளிக் கடை. அதன் திண்ணையில் ஒரு பத்தர் உட்கார்ந்திருப்பார். என் கொலுசு அடிக்கடி கண்ணி விடும், பள்ளி மைதானத்தில் நான் ஓடிய ஓட்டம் அப்படி. அப்பா அதை அவர் முன்னால் வைத்ததும் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொள்வார். ஓட்டுச் சட்டியில் கரி கனன்றுகொண்டிருக்கும். அறுந்த கண்ணியைச் சாமணத்தால் பிடித்து, வெண்காரம் தடவி, பற்றவைக்கும் பொடியை அரிசி முனையளவு வைத்து, ஊதுகுழலை வாயில் கவ்வி ஊதுவார். சுடர் வளைந்து அந்த ஒரு புள்ளியை மட்டும் போய்த் தொடும். பொடி பளிச்சென்று உருகி ஓடிக் கண்ணி மூடிக்கொள்ளும். கறுத்துப்போன கொலுசைப் புளித்தண்ணீரில் போட்டு எடுத்து, பூந்திக்கொட்டை நுரையில் பித்தளைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்ப்பார். அதற்குப் பிறகுதான் எனக்கு மிகப் பிடித்த இடம். கொலுசைக் காதருகே கொண்டுபோய் ஒரு முறை குலுக்குவார். ஏதாவது ஒரு சலங்கை மந்தமாக ஒலித்தால் மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எல்லாம் சரியாக ஒலித்தால், "மாட்டிக்கொண்டு நாலு எட்டு நட பாப்பா, கேட்கலாம்" என்பார். கூட்டத்துக்கு நடுவே நான் நடந்து காட்டுவேன். பற்றவைத்த இடம் எது என்று தேடினாலும் கண்ணுக்குத் தெரியாது. கூலி சில்லறைக் காசுதான். அந்தக் காசுக்கு அவர் காட்டிய கவனத்தை, பிற்பாடு நான் வேலை பார்த்த எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை.

சித்திரை பிறந்தால் சின்னக் கடைவீதியின் வாசனையே மாறிவிடும். வைக்கோல் பரப்பில் மல்கோவா, இமாம்பசந்த், குண்டு, செந்தூரா, பெங்களூரா என்று குவியல் குவியலாக மாம்பழம். அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடிப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும். மல்கோவாவைக் கையில் எடுத்து அழுத்தக் கூடாது, காம்படியை முகர்ந்துதான் பார்க்க வேண்டும் என்று பழக்கடை அம்மா அதட்டுவார். எங்களுக்குக் கட்டுப்படியானது குண்டும் பெங்களூராவும்தான். ஆனாலும் மல்கோவாவை முகர்ந்து பார்க்கிற உரிமை எங்களுக்கும் இருந்தது. இருட்டியதும் தெருமுனைகளில் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், காரட், வெங்காயம், காரச் சட்னி. அதைத் தின்னாமல் வீடு திரும்பினால் கடைவீதிக்குப் போனதாகவே தம்பி ஒப்புக்கொள்ள மாட்டான்.

இதையெல்லாம் விட நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது பற்று நோட்டைப் பற்றி. வேட்டி வியாபாரம் முகூர்த்தத்தை நம்பியது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, அதனால் சரக்கு தேங்கும். ஐப்பசி மழையில் தெருவில் பாவு விரிக்க முடியாது, தறி சும்மா கிடக்கும். வயிறும் பள்ளிக்கூடமும் அதற்காகக் காத்திருக்குமா? ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நோட்டு, ஜியாமெட்ரி பெட்டி, சீருடைத் துணி எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். அப்போது கடைக்காரர் நீளமான நோட்டைப் பிரித்து, அப்பா பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதிக்கொண்டு பொருளைக் கொடுத்துவிடுவார். வட்டி கிடையாது, கையெழுத்து கிடையாது. அடுத்த வேட்டி அறுத்ததும் அப்பா முதலில் அங்கேதான் போவார். சீருடைத் துணி கிழிக்கும்போது, "வளரும் பிள்ளை, உள்மடிப்புக்கு ஒரு சாண் சேர்த்தே கிழிக்கிறேன்" என்று அந்தச் சாணுக்குக் கணக்கும் எழுதாமல் விடுவார் ஜவுளிக் கடைக்காரர். நம் வகுப்பில் படித்த தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பாதியில் நிற்காமல் பத்தாம் வகுப்பு வரை வந்ததற்கு ஆசிரியர்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அந்தப் பற்று நோட்டுகளுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தக் கடைவீதியில் இன்று ஏன் கூட்டம் குறைந்துபோனது என்று கேட்டால், பெரிய மால்கள் வந்து விழுங்கிவிட்டன என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மால் வந்தது கடைசியில். முதலில் போனது பஸ்.

நாம் படித்த காலத்தில் ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல், மேட்டூர், தருமபுரி என எந்த ஊர் பஸ்ஸாக இருந்தாலும் பழைய பேருந்து நிலையத்தில்தான் வந்து நிற்கும். அப்போது அதற்குப் 'பழைய' என்ற அடைமொழி இல்லை. கலெக்டர் அலுவலகம் பக்கத்திலேயே. போஸ் மைதானத்தில் பொருட்காட்சி போட்டால் அதுவும் அங்கேயே. ராசிபுரத்து விவசாயி கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டு, மகள் கல்யாணத்துக்குத் தாலிக்கயிறு முதல் தாம்பாளம் வரை கடைவீதியில் வாங்கி, பூ மார்க்கெட்டில் மாலைக்குச் சொல்லிவிட்டு, மாலை பஸ்ஸில் ஊர் திரும்பிவிடுவார். தொண்ணூறுகளில் மெய்யனூரில் புதிய பேருந்து நிலையம் வந்தது. வெளியூர் பஸ்கள் அங்கே போய்விட்டன, டவுன் பஸ்கள் மட்டும் இங்கே தங்கின. 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமானது. ராசிபுரம், திருச்செங்கோட்டுக்காரர்களுக்குச் சேலத்துக் கலெக்டர் அலுவலகத்தில் வேலையே இல்லாமல் போயிற்று. இவை இரண்டுமே நல்லதற்குத்தான் நடந்தன. அத்தனை பஸ்களை அந்தக் குறுகிய சாலைகள் இன்றைக்குத் தாங்கியிருக்க முடியாது. ஆனால் வேறு வேலையாக வந்து போகிற வழியில் வாங்கியவர்களின் கால்கள் கடைவீதியிலிருந்து அன்றைக்கே விலகிவிட்டன. மெய்யனூரில் இறங்கியவர் அங்கேயே வாங்கினார். அவரைத் தேடித்தான் பெரிய கடைகள் ஐந்து ரோட்டுக்கும் ஓமலூர் ரோட்டுக்கும் போயின.

அடுத்து போனது தறி. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-இல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது, அதில் வேட்டியும் உண்டு. இருந்தும் விசைத்தறி வேட்டி சந்தைக்கு வருவதை யாராலும் தடுக்க முடியவில்லை. அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவில் காலையில் பாவு விரிக்கிறவர்கள் அருகிப் போனார்கள். சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. அதை நெய்யத் தெரிந்தவர்களின் பிள்ளைகளோ ஓசூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள், நம்மில் சிலர் சிங்கப்பூருக்கே வந்துவிட்டோம். தறிக்கூலி வராத தெருவில் பற்று நோட்டு எப்படி நிற்கும்? பிறகு வந்த பணமதிப்பு நீக்கம், ஜிஎஸ்டி, கொரோனா எல்லாம் ஏற்கெனவே மெலிந்து நின்றவர் மீது விழுந்த அடிகள்தான். பழைய பேருந்து நிலையத்தை இடித்து, ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் ஈரடுக்காகக் கட்டி, 2023-இல் திறந்தார்கள். அதற்குள் பல வீடுகளின் பழக்கமே மாறிவிட்டது.

போன முறை ஊருக்குப் போனபோது ஒரு சாதாரண வாரநாள் மாலையில் முழு வட்டமும் நடந்தேன். தீபாவளிக்கும் ஆடிக்கும் இன்றும் அங்கே தோளோடு தோள் உரசும் கூட்டம் வருகிறது. பூ மார்க்கெட்டில் விடிவதற்கு முன்பே வியாபாரம் சூடுபிடிக்கிறது. ஆக, கடைவீதி செத்துவிட்டது என்று யாராவது எழுதினால் நான் மறுப்பேன். ஆனால் திருவிழா இல்லாத நாளில், விளக்கு வைக்கிற நேரத்தில், கடைக்காரர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் காலத்தில் அவர்களுக்கு உட்கார ஏது நேரம்! பத்தர் உட்கார்ந்த திண்ணையை இடித்துவிட்டுக் கைப்பேசி உறை விற்கிறார்கள். பள்ளி நோட்டு வாங்கிய கடை மூடிக் கிடக்கிறது, ஷட்டரில் 'வாடகைக்கு' என்று எழுதியிருக்கிறது. ஜவுளிக் கடை மட்டும் இருக்கிறது. அப்போது இருந்தவரின் மகன் கல்லாவில் இருந்தார், அவருக்கும் தலை நரைத்துவிட்டது. அப்பா பெயரையும் தெருவையும் சொன்னேன். சட்டென்று எழுந்துவிட்டார்.

"வெண்பட்டு நெய்கிறவர் மகளா? உட்காருங்கள் அக்கா, காபி சொல்கிறேன்."

கடைசிப் பற்று நோட்டை எடைக்குப் போட மனம் வராமல் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பதாகச் சொன்னார். வசூலாகாத வரிகள் அதில் நிறைய இருக்கின்றனவாம். கேட்டுப் பார்க்கலாமே என்றேன். "அப்பா யாரையும் கேட்டதில்லை, நான் மட்டும் எப்படிக் கேட்பது?" என்றார். அவருடைய மகன் பெங்களூரில் கணினி வேலையில் இருக்கிறான். கடையை எடுத்து நடத்த அவனுக்கு விருப்பமில்லை. அவனைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, நானும் தறியை விட்டு வந்தவள்தானே.

இங்கே லிட்டில் இந்தியாவின் தேக்கா பகுதியில் நடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஏக்கம் வரும். சிங்கப்பூரில் 1989-லேயே லிட்டில் இந்தியாவைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்துவிட்டார்கள். பழைய கடைவீடுகளின் முகப்பை நினைத்தபடி இடிக்க முடியாது. முதல் அக்ரஹாரத்தின் தேக்குத் தூண்களையும் மாடி அழிகளையும் காப்பாற்ற அப்படியொரு ஏற்பாடு ஏன் இருக்கக் கூடாது? வண்டி நிறுத்த இடம் இல்லை என்பதுதான் எல்லோருடைய குறையும். பழைய பேருந்து நிலையத்தில் இறங்கினால் ராஜகணபதி கோயில் கூப்பிடு தூரம்தான். மாலையில் சில மணி நேரம் வண்டிகளை நிறுத்திவிட்டு, நடப்பவர்களுக்கு மட்டும் அந்தத் தெருக்களைத் திறந்துவிட்டால் வியாபாரம் திரும்பும் என்று நான் நினைக்கிறேன். பெரியவர்களும் குழந்தைகளும் பயமில்லாமல் நடக்கவாவது முடியும்.

நம்மால் ஆகக்கூடியவை இரண்டு. நம் வீட்டுக் கல்யாணங்களுக்கு ஊரில் ஜவுளி எடுக்கும்போது மாப்பிள்ளைக்குரிய பட்டு வேட்டியையாவது கடைவீதியில், கைத்தறிதானா என்று கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, அடுத்த ஆண்டு மலரில் கடைவீதிக்கென்று சில பக்கங்கள் ஒதுக்க மலர்க் குழு இசைந்திருக்கிறது. கடைப் பெயர் அச்சிட்ட மஞ்சள் பை, பழைய கல்யாண ஜவுளி பில், கடை வாசலில் நின்று எடுத்த படம், எது உங்கள் பெட்டியில் இருந்தாலும் படமெடுத்து அனுப்புங்கள். எந்தக் கடை, எந்தத் தெரு, எந்த வருடம் என்று தெரிந்தவரை எழுதி அனுப்புங்கள். கடைக்காரர்களின் குடும்பத்தாரிடம் கேட்டுவிட்டுத்தான் பெயர்களை அச்சிடுவோம். அப்பாவின் கூலிப் புத்தகத்தை நகலெடுத்து நான் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். ஜவுளிக் கடைக்காரரும் அந்தப் பற்று நோட்டின் அட்டையை மட்டும் படமெடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். உள்பக்கங்களைக் காட்ட மாட்டாராம், அவை கடன்பட்டவர்களின் மானம் என்றார்.