காந்தலில் ஒரு ஜோடி ஸ்கீ

ஊட்டியில் பனின்னா உறைபனிதான். தலைகுந்தா புல்வெளி விடியலில் உப்புத் தூவின மாதிரி இருக்கும், வெயில் ஏறினா காணாம போயிடும். அதுல ஸ்கீ (பனியில் சறுக்கக் காலில் மாட்டுற நீளப் பலகை) எங்கே விடுறது? ஆனாலும் நேத்து பகல் முழுக்க காந்தல் வீட்டு ஷெட்டில் ஸ்கீக்கு மெழுகு ஏத்திக்கிட்டிருந்தேன். அக்கா மகன் ஸ்கீ விடக் காஷ்மீர்ல குல்மார்க் போறான். "மாமா, உங்ககிட்டதான் டிரில் இருக்கே"ன்னு தள்ளிவிட்டுட்டுப் போயிட்டான்.

ஸ்கீயோட அடிப்பக்கம் பாலிஎதிலீன். மெழுகை உருக்கிச் சொட்டவிட்டு, அயர்ன் பாக்ஸால் பரப்பணும் (புகை வந்தா சூடு அதிகம்னு அர்த்தம்). ஆறினதும் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டணும். அப்புறம் பிரஷ். கையால் போட்டா தோள் கழண்டுடும். அதுக்குத்தான் டிரில்லில் மாட்டுற உருளை நைலான் பிரஷ். முன் முனையிலிருந்து வால் பக்கமா, லேசா ஓட்டணும். பிரஷோட எடையே போதும். நான் வீரமா அழுத்தினேன். உராய்வுச் சூட்டில் மெழுகு இளகித் திட்டுத் திட்டா ஆயிடுச்சு. மறுபடி சுரண்டல்.

இன்னொண்ணு, பிரஷோட சுழற்சி மெழுகுத் தூளை வால் பக்கம் தள்ளணும். எனக்கு எதிர்ப்பக்கம் சுத்துச்சு. வீட்டுக்குள்ளே வந்ததும் அம்மா, "என்னடா, மைதா மூட்டையில விழுந்தியா?" மாஸ்க் போட்டிருந்தேன், அது வரைக்கும் புத்தி. உடம்புக்குக் கெடுதலான ஃப்ளூரின் கலந்த மெழுகும் இல்லை. அதை 2023-24 சீசன்லேருந்து பன்னாட்டுப் பந்தயங்களில் தடை பண்ணிட்டாங்க.

இப்போ அம்மா தேன்மெழுகு டப்பாவோட நிக்கிறாங்க. முன்ஹால் ஈட்டி மர மேசையையும் அதே பிரஷ்ல ஒரு கை பார்க்கணுமாம்.