எங்கள் வீட்டில் மூன்று சொரியாசிஸ்

அப்பா, சித்தப்பா, நான். எங்கள் குடும்பத்தில் சொரியாசிஸ் என்ற தோல் நோய் இருப்பது மூன்று பேருக்கு. மூவரையும் வரிசையாக நிற்க வைத்தால் ஒரே நோய் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்பாவுக்கு இருப்பது பலரும் பார்த்திருக்கும் வகை. முழங்கை, முழங்கால், முதுகின் அடிப்பகுதி, தலையில் காதோரம் என்று தடித்த படை, அதன் மேல் வெள்ளி போலச் செதில். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இந்த 'பிளேக்' வகைதான். தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிரச் சாதாரணமாக ஒரு மாதம் பிடிக்கும். இந்த நோயில் நம் எதிர்ப்பு மண்டலமே தோலைத் தூண்டிவிடுவதால் நாலைந்து நாளில் மேலே வந்துவிடுகிறது. பழையது உதிர்வதற்குள் புதியது வந்து சேர்ந்தால் படையாகாமல் என்ன ஆகும்?

கிருமி எதுவும் இல்லை, தொட்டால் ஒட்டாது. ஆனாலும் அப்பாவுக்கு முடிவெட்ட ஒரு சலூனில் மறுத்துவிட்டார்கள். "மத்த கஸ்டமர் பார்த்தா வரமாட்டாங்கண்ணே" என்றார் கடைக்காரர். அதற்கப்புறம் அம்மாதான் வெட்டிவிடுகிறார். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இணையத்தில் தேடினால் வெள்ளைத் தோலில் செக்கச்செவேலென்று இருக்கும் படங்களே அதிகம் வருகின்றன. நம் நிறத்தில் அது கருஞ்சிவப்பாக, ஊதாவாக, சில சமயம் சாம்பல் பூத்தது போல் இருக்கும். படை ஆறிய இடம் சில மாதம் கறுத்தோ வெளுத்தோ தெரியும். அது நிறமாற்றம் மட்டுமே. அதற்கு மேலும் மேலும் ஸ்டீராய்டு களிம்பு பூசினால் தோல் மெலிந்துபோகும்.

என் கதை வேறு. பன்னிரண்டாம் வகுப்பில் கடுமையான தொண்டை வலி, காய்ச்சல். அது சரியாகி இரண்டு மூன்று வாரத்தில் வயிறு, முதுகு, தொடை எங்கும் சின்னச் சின்னப் பொட்டுகள். பாட்டி அம்மை என்று சொல்லி வேப்பிலையைக் கொண்டுவந்துவிட்டார். தோல் மருத்துவர் முதலில் கேட்டதே தொண்டையைப் பற்றித்தான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொண்டையைத் தாக்கிய பிறகு, பெரும்பாலும் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் வருகிற 'கட்டேட்' வகை இது. பலருக்குச் சில மாதங்களில் மறைந்துவிடும், எனக்கும் மறைந்தது. ஆனால் பிற்பாடு தோசைக்கல் சுட்ட இடத்தில், சுட்ட கோட்டிலேயே ஒரு படை எழுந்தது. காயம் பட்ட தோலில் இப்படி வருவதைக் 'கோப்னர்' விளைவு என்கிறார்கள். சொறியாதே என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் அதிகம் கவலைப்படுவது சித்தப்பாவை நினைத்துத்தான். அவருக்குத் தோலில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நகங்களில் ஊசியால் குத்தியது போல் குழிகள், ஒரு கால்விரல் முழுதாக வீங்கியிருந்தது, காலையில் எழுந்தால் குதிகாலை ஊன்ற முடியாது. வாதம் என்று வெகுநாள் தைலம் தேய்த்தார். ரத்தப் பரிசோதனையில் முடக்குவாதத்தைக் காட்டும் காரணி இல்லை. கடைசியில் மூட்டு மருத்துவர் ஒருவர் நகத்தைப் பார்த்துவிட்டு, தலைமுடியை விலக்கி உச்சந்தலையில் ஒளிந்திருந்த சிறு படையைக் கண்டுபிடித்தார். சொரியாசிஸ் உள்ளவர்களில் பத்துக்கு இரண்டு மூன்று பேருக்கு மூட்டும் பாதிக்கப்படலாம். தோல் ஆறிவிடும், சிதைந்த மூட்டு பழையபடி ஆகாது.

அக்குள், மார்பின் அடி, தொடை இடுக்கில் வரும் சொரியாசிஸ் செதிலே இல்லாமல் ஈரமாக வழவழப்பாக இருக்கும். பலர் படர்தாமரை என்று மெடிக்கல் கடையில் களிம்பு வாங்கிப் பூசுகிறார்கள். உள்ளங்கை, உள்ளங்காலில் சீழ்க் கொப்புளமாக வருவதும் உண்டு; அந்தச் சீழில் கிருமி இருக்காது. உடம்பு முழுவதும் சிவந்து உரிந்து, குளிரில் நடுங்குகிற வகைதான் ஆபத்தானது. வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. ஸ்டீராய்டு மாத்திரையையோ ஊசியையோ திடீரென்று நிறுத்துவதால்கூட அது வரும்.

அப்பா தலைக்கு வெட்பாலைத் தைலம் தேய்த்துக்கொள்கிறார், செதில் இளகுகிறது என்கிறார். சித்தப்பாவுக்கு எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மெத்தோட்ரெக்சேட். அது வாரத்தில் ஒரே ஒரு நாள் போட வேண்டிய மாத்திரை. தினமும் என்று நினைத்து விழுங்கினால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. சித்தப்பாவுக்கு ஞாயிறுதான் மாத்திரை நாள். சித்தி டப்பாவின் மேல் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார். கல்லீரல் பரிசோதனைக்கும் அவரே கூட்டிப்போகிறார்.