ஏரியில் மிதந்த ஆண்டெனா

2022 மார்ச் 1, செவ்வாய்
முதல் விண்மீன்கள் காலத்து ரேடியோ தடத்தைத் தேடும் சரஸ் 3 கருவியின் முடிவு வெளியாகிவிட்டது. நான்கு வருஷமாக இதற்காகத்தான் காத்திருந்தேன். 2018-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் எட்ஜஸ் என்ற ரேடியோ கருவி, வானத்து இரைச்சல் 78 மெகாஹெர்ட்ஸில் சற்றுக் குறைவதை, ஒரு பள்ளத்தைக் கண்டது. பெருவெடிப்புக்கு 18 கோடி ஆண்டுகள் கழித்து, முதல் விண்மீன்கள் எரியத் தொடங்கியபோது ஹைட்ரஜன் விட்ட தடம் என்றார்கள். பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தார் சரஸ் 3-ஐ வைத்து அதே அலைவரிசையில் தேடியிருக்கிறார்கள். அந்தப் பள்ளம் இல்லை. 95.3 சதவீத உறுதியோடு சொல்கிறார்கள்.

அதே இரவு
சிவராத்திரி. கண்விழித்திருந்த மகளுக்கு மொட்டைமாடியில் விளக்கினேன். ஹைட்ரஜனின் 21 செ.மீ. அலை, அண்டம் விரிந்ததில் 18 மடங்கு நீண்டு, நம்மிடம் வரும்போது 3.8 மீட்டர் ஆகிவிடுகிறது. எஃப்.எம். வரிசைக்குப் பக்கத்து வீடு.

பள்ளம் எவ்வளவு ஆழமோ, அன்றைய வாயு அவ்வளவு குளிர்ச்சி. ரேடியோ இரைச்சலைக் கெல்வின் என்ற வெப்ப அலகில்தான் அளப்பார்கள்; வழக்கமான கணக்கில் பள்ளத்தின் ஆழம் 0.2 கெல்வினைத் தாண்டாது. எட்ஜஸ் கண்டதோ 0.5. சுடுபால் டம்ளரைத் தண்ணீரில் வைத்து ஆற்றுவதுபோல, தன்னைவிடக் குளிர்ந்த, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளோடு மோதி ஹைட்ரஜன் ஆறியிருக்கலாம் என்றார் வானியற்பியலாளர் ரென்னன் பர்கானா. அப்படியென்றால், ஈர்ப்பால் மட்டுமே நாம் அறிந்த கரும்பொருள், வேறு வழியிலும் அணுவைத் தொட்டிருக்கிறது! அன்று படித்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை.

மார்ச் 5, சனி
“ஏம்ப்பா ஆண்டெனாவை ஏரியில போய் வச்சாங்க?” என்றாள் மகள். டிரான்சிஸ்டரை எடுத்து, நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தினேன். இரைச்சல். ஆண்டெனா அருகே கையைக் கொண்டுபோனாலே அது மாறியது. தரையும் இப்படித்தான். மண், ஈரம், பாறை என்று அடுக்கடுக்காக இருப்பதால் அலை உள்ளே போய்த் திரும்பி வந்து குழப்பும். பால்வீதியின் இரைச்சலே ஆயிரம் கெல்வினைத் தாண்டும்; அதில் அரை கெல்வினைத் தேடும்போது இந்தக் குழப்பமே பள்ளமாகத் தெரியலாம். தண்ணீர் ஒரே சீரானது. அதனால்தான் 2020-ல் கர்நாடகாவின் ஷராவதி நீர்த்தேக்கத்தில் கூம்பு ஆண்டெனாவை மிதக்கவிட்டார்கள்.

மார்ச் 6, ஞாயிறு
“அப்போ கரும்பொருள் குளிர வைக்கலையா?” சரியான கேள்வி. அதற்குச் சாட்சியாகக் காட்டிய பள்ளம்தான் நிற்கவில்லை. ஹைட்ரஜனின் உண்மையான தடம் இதைவிட ஆழம் குறைந்ததாக அந்த இரைச்சலுக்குள் இன்னும் ஒளிந்திருக்கலாம். அப்புறம், ‘பிரதுஷ்’ என்ற கருவியை நிலவைச் சுற்றவிட்டு, எஃப்.எம். தொல்லை எட்டாத அதன் மறுபக்கத்தில் தேடும் திட்டத்தையும் சொன்னேன். டிரான்சிஸ்டரை இன்னும் அவள் தரவில்லை.