சொல் பேச்சு கேக்காத ரோபோ

போன வாரம் அக்கா பையன் கூட உக்காந்து 'தி அயர்ன் ஜெயன்ட்' பாத்தேன். நான் எத்தனாவது தடவ பாக்குறேன்னு கணக்கே இல்ல, அவனுக்கு இதான் முதல் தடவ. எட்டு வயசு. பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ஒரே கேள்வி, "மாமா, இது நல்ல ரோபோவா கெட்ட ரோபோவா?" பாத்துட்டே இருடா, தெரியும்னு சொல்லி சமாளிச்சேன், ஆனா அந்தக் கேள்வி ஒரு வாரமா மண்டைக்குள்ளயே சுத்திட்டு இருக்கு, அதான் எழுத உக்காந்துட்டேன்.

1999ல வந்த படம், பிராட் பேர்ட் எடுத்தது. கதை நடக்குறது 1957, ரஷ்யா ஸ்புட்னிக் செயற்கைக்கோள வானத்துக்கு அனுப்பி அமெரிக்காவே நடுங்கிட்டு இருந்த நேரம். அப்போ மேல இருந்து ஒரு 50 அடி இரும்பு மனுஷன் வந்து விழுறான், தலையில ஒரு பள்ளம், தான் யாருன்னே ஞாபகம் இல்ல. கவர்மென்ட் ஆளுக்கு அது என்ன ஏதுன்னெல்லாம் தெரிஞ்சுக்க வேண்டியதே இல்ல, நாம செய்யலல்ல, அப்போ எதிரிதான், குண்டு போட்டு அழிச்சிடணும், அவ்வளவுதான். ஹோகார்த்னு ஒரு ஒம்பது வயசுப் பையன் மட்டும் அது கரன்ட் கம்பியில மாட்டித் துடிக்குறதப் பாத்து, பயந்து ஓடுனவன் திரும்பி வந்து ஸ்விட்ச்ச ஆஃப் பண்றான். நட்பு அங்க ஆரம்பிக்குது. அது யார் பக்கம்னு அவன் யோசிக்கவே இல்ல, வலிக்குதுன்னு தெரிஞ்சுது, அது போதும் அவனுக்கு.

எனக்கு ரொம்பப் புடிச்ச இடம், பயமா இருக்குற இடமும் அதேதான், பழைய இரும்புக் கடையில வர்ற சீன். ரெண்டும் சண்டை போடுற மாதிரி விளையாடிட்டு இருக்கும்போது பையன் பொம்மைத் துப்பாக்கியத் தூக்கி நீட்டுறான், ரோபோவோட கண்ணு சட்டுனு சிவப்பாகி பையனப் பாத்தே சுட்டுடுது. வேணும்னு பண்ணல, ஆயுதத்தப் பாத்தா திருப்பி அடிக்குற மாதிரிதான் அத செஞ்சிருக்காங்க. அடுத்த செகண்ட் பாத்தா, தான் என்ன பண்ணோம்னே தெரியாம முழிச்சிட்டு நிக்குது. இந்த சீன் வந்தப்போ என் பக்கத்துல இருந்தவன் கேள்வி கேக்குறத நிறுத்திட்டான், என் கையப் புடிச்சிட்டான்.

இந்த மாதிரிக் கதைங்கள்ல நிறைய பேர் தப்பு பண்றது இங்கதான்னு நினைக்கிறேன். ரோபோவ நல்லவனா காட்டணும்னு அவசரப்பட்டு பல்லப் புடுங்கிடுறாங்க, அப்புறம் அது நாய்க்குட்டி மாதிரி வாலாட்டிட்டு பின்னாடியே வருது. கொல்லக்கூடிய ஒண்ணு பக்கத்துலயே இருந்துட்டு கொல்லாம இருக்குதுன்னாதான் அந்த நட்புக்கு ஒரு கனம் இருக்கு. பிராட் பேர்ட் கூடப் பிறந்த சகோதரிய துப்பாக்கியால சுட்டுக் கொன்னுட்டாங்க. ஒரு துப்பாக்கிக்கு ஆன்மா இருந்து, அது துப்பாக்கியா இருக்கவே விரும்பலன்னா என்ன ஆகும்னு கேட்டுத்தான் இந்தப் படத்த ஸ்டுடியோகிட்ட சொல்லிருக்காரு. இது தெரிஞ்சப்புறம் அந்த இரும்புக் கடை சீன என்னால சாதாரணமா பாக்க முடியல.

இன்னொண்ணு 'டெர்மினேட்டர் 2', 1991. முதல் படத்துல ஜான்ங்கிற பையனோட அம்மாவக் கொல்ல வந்த ரோபோவோட அதே முகம், இதுல பத்து வயசு ஜானக் காப்பாத்த வருது. அதே மாடல்ல வேற ஒரு மெஷின், உள்ள இருக்குற புரோகிராம மாத்தி அனுப்பிருக்காங்க, பையன் என்ன சொன்னாலும் கேக்கணும்ங்கிறதும் அதுல இருக்கு. அது தெரிஞ்சதும் ஜானுக்கு ஒரே குஷி, ஒத்தக் கால்ல நில்லுங்கிறான், நிக்குது. அடுத்த நிமிஷமே உதவிக்கு ஓடி வந்த ஒருத்தனச் சுடப் போகுது, இவன் பதறிப் போயி தடுக்குறான். ஆளுங்கள இப்படிக் கொல்லக்கூடாதுங்கிறான், அது ஏன்னு கேக்குது. ஜானுக்கு பதில் தெரியல. கூடாதுன்னா கூடாது, என்ன நம்புங்கிறான். தத்துவம் படிச்சவங்களே திணறுற கேள்விக்கு ஒரு சின்னப் பையனால வேற என்ன சொல்ல முடியும்? அப்புறம் யாரையும் கொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்குறான், அதுவும் கையத் தூக்கி சத்தியம் பண்ணிட்டு நேராப் போயி வாட்ச்மேன் கால்ல சுட்டுட்டு, பொழச்சிப்பான்னு சொல்லுது. வார்த்தையப் புடிச்சிக்கிச்சு, அர்த்தம் இன்னும் போய்ச் சேரல. குழந்தைங்களும் முதல்ல அப்படித்தான கத்துக்குறாங்க, தம்பிய அடிக்காதன்னா கிள்ளி வைக்குமே, அது மாதிரி.

இப்போ நான் சொல்ல வந்தது. ரெண்டு கதையிலயும் ஆரம்பத்துல பையன் உத்தரவு போடுறான், ரோபோ கேக்குது. ஹோகார்த் ஆரம்பத்துல ஒரு தடவ வீட்டுக்குக் கிளம்பும்போது நான் போறேன், நீ இங்கயே இரு, பின்னாடி வராதன்னு நாய்க்குட்டிகிட்ட சொல்ற மாதிரி சொல்றான். கடைசியில ஊரக் காப்பாத்த ஏவுகணைய நோக்கிப் பறக்குறதுக்கு முன்னாடி ரோபோ அதே வார்த்தையத் திருப்பி அவன்கிட்ட சொல்லுது, நீ இரு, நான் போறேன், பின்னாடி வராத. 'டெர்மினேட்டர் 2' கடைசியில ஜான் அழுதுட்டே போகாத, இது என் உத்தரவுன்னு கத்துறான், அவ்வளவு நேரம் அவன் சொன்ன ஒவ்வொண்ணையும் கேட்ட மெஷின் அந்த ஒண்ண மட்டும் கேக்கல, உருகுற இரும்புக்குள்ள இறங்கிடுது.

ரோபோங்கிற வார்த்தையே 1920ல கரேல் சாபெக் எழுதின ஒரு செக் நாடகத்துல இருந்து வந்தது, அந்த மொழியில 'ரோபோட்டா'ன்னா கட்டாய உழைப்பு. சொன்னதச் செய்யுறதுங்கிறது பேர்லயே ஒட்டிட்டு இருக்கு. அப்படிப்பட்ட ஒண்ணு ஒரு குழந்தைகிட்ட, அதுவும் அந்தக் குழந்தைக்காகவே, முடியாதுன்னு சொல்லுது பாருங்க, அந்த நிமிஷத்துலதான் அது ரோபோவா இருக்குறத விட்டுட்டு ஃபிரெண்டா ஆகுது. எதிரியா அனுப்பினவன் பேச்சையும் மீறியாச்சு, அன்பா வளத்தவன் பேச்சையும் மீறியாச்சு, இனிமே அது எடுக்குற முடிவு அதோடது.

இதெல்லாம் சினிமாவுலதான்னு தள்ளிவிடவும் முடியல. வாஷிங்டன் யுனிவர்சிட்டி ஆளுங்க 2012ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, 9, 12, 15 வயசுல 90 பசங்க, 'ரோபோவி'ன்னு ஒரு ரோபோ கூட 15 நிமிஷம் பேசி விளையாடுவாங்க. கடைசியில ஒரு பெரியவர் வந்து ஆட்டத்த பாதியில நிறுத்தி ரோபோவ அலமாரி அறைக்குள்ள வைக்கப் போவாரு, அது இது நியாயமில்ல, உள்ள இருட்டா இருக்கு, பயமா இருக்குன்னு சொல்லும். உண்மையில பின்னாடி இருந்து ஆள்தான் இயக்கினாங்க. ஆனா பசங்கள்ல பெரும்பாலானவங்க அதுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு, அத நியாயமா நடத்தணும்னு சொன்னாங்க. 15 வயசுக்காரங்கள விட சின்னவங்க கிட்டதான் அந்த எண்ணம் கூடுதலா இருந்துச்சு. கதை எழுதுறவங்க ஒம்பது வயசு, பத்து வயசுப் பசங்களா பாத்து எடுக்குறது சும்மா இல்லன்னு இதப் படிச்சப்போ தோணுச்சு.

சரி, எங்க வீட்டு ஆளுக்கு வர்றேன். ஏவுகணை வெடிச்சதும் முகத்தத் தலகாணியில வச்சு அழுத்திக்கிட்டான். சமாதானம் சொல்லத் தெரியாம முதுகத் தட்டிட்டே இருந்தேன். அப்புறம் ஹோகார்த் கைக்கு வந்த, ரோபோவோட ஒரே ஒரு ஸ்க்ரூ ராத்திரியில தானா உருண்டு ஜன்னல்ல போய் முட்டுமே, அந்த சத்தத்துக்குத்தான் தலையத் தூக்கினான். "மாமா, அதுவாவே போகுது, யாரும் சொல்லல" அப்படின்னான். ரிமோட்ட வாங்கி அந்த ஸ்க்ரூ உருளுற இடத்த மட்டும் நாலு தடவ போட்டுப் பாத்தான். நல்ல ரோபோவா கெட்ட ரோபோவான்னு அதுக்கப்புறம் ஒரு தடவ கூட கேக்கல.