கீழே நின்று கத்துபவர்கள்

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர் வேலைக்கு வருகிறவர்கள் பலர், இலக்கணமும் கட்டுரையும் சொல்லிக் கொடுத்தால் போதும் என்று நினைத்துத்தான் வருகிறார்கள். முகாம் பணிப் பட்டியலில் தங்கள் பெயரைப் பார்க்கும்போதுதான் விஷயம் புரியும். என்ன பாடம் எடுத்தாலும் சரி, வகுப்பாசிரியர் என்றால் பிள்ளைகளோடு கூடாரத்துக்கும் கடலுக்கும் போயாக வேண்டும். நானும் அப்படித்தான் போகத் தொடங்கினேன். கொசு மருந்து, விசில், யாருக்கு ஆஸ்துமா யாருக்கு ஒவ்வாமை என்று குறித்த கோப்பு, இரவு ரோந்துக்கு ஒரு டார்ச் எல்லாம் என் பையில் நிரந்தரமாகிவிட்டன.

இந்த முகாம் பழக்கம் இங்கே பழையது. அன்றைய அமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீயின் முயற்சியால் 1967இல் சிங்கப்பூரின் உபின் தீவில், வெளிப்புறச் சாகசப் பயிற்சி தரும் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளி தொடங்கியது. அதன் வேர் பிரிட்டனில். 1941இல், போர்க்காலத்தில், கர்ட் ஹான் என்ற கல்வியாளரும் கப்பல் நிறுவன முதலாளி ஒருவரும் சேர்ந்து வேல்ஸ் கடற்கரையில் இளம் மாலுமிகளுக்காக ஆரம்பித்த பயிற்சி அது. கப்பல் மூழ்கினால் தாக்குப்பிடிக்க உடல் பலம் மட்டும் போதாது என்பது அவர்கள் எண்ணம். இப்போது உயர்நிலை 3 மாணவர்களுக்கு உபினில் 5 நாள் திட்டம் இருக்கிறது. அங்கே வேறு பள்ளிப் பிள்ளைகளோடு கலந்துதான் குழு பிரிப்பார்கள். அதற்கு முன்பே பல பள்ளிகள் தாங்களாக முகாம் நடத்தும். அதில் கூட இருப்பவர்கள் சொந்த வகுப்புத் தோழர்கள். நான் அதிகம் பார்த்தது இந்த இரண்டாவது வகையைத்தான். பயம் அதிகம் இருப்பதும் இதில்தான் என்று நினைக்கிறேன்.

காரணம் எளிது. முன்பின் தெரியாதவன் முன்னால் அழுதால் 5 நாளில் முடிந்துவிடும். பக்கத்து மேசைக்காரன் முன்னால் அழுதால் அது நான்காண்டுக் கதை.

ஏறும் சுவரில் ஒரு மாணவி பாதியில் நின்றுபோனது நினைவிருக்கிறது. கீழே மொத்த வகுப்பும் நின்று, "கம் ஆன்! யூ கேன் டூ இட்!" என்று கத்திக்கொண்டிருந்தது. நல்லெண்ணக் கூச்சல்தான். ஆனால் ஒவ்வொரு கத்தலுக்கும் அவள் சுவரோடு இன்னும் இறுகிப் போனாள். அவளுடைய கயிற்றைப் பிடித்திருந்த குழுவில் ஒரு பையன். வகுப்பில் வாயே திறக்காதவன், என் பாடத்தில் மதிப்பெண்ணும் சுமார்தான். அவன் கத்தவில்லை. "வலது முழங்கால் பக்கத்துல மஞ்சள் பிடி இருக்கு. காலை அங்க வை. கயிறு இறுக்கமாத்தான் இருக்கு" என்றான். அவள் காலை நகர்த்தினாள். அப்புறம் அடுத்த பிடி எங்கே என்று அவளே கேட்டாள். உச்சிவரை போகவில்லை. அவள் போதும் என்ற இடத்தில் இறக்கிவிட்டார்கள்.

கயிற்றின் கணக்கு அப்படி ஒன்றும் புதிரானதல்ல. ஏறுபவரின் இடுப்புப் பட்டையிலிருந்து மேலே போய், உச்சியில் திரும்பி, கீழே நிற்பவரிடம் வருகிறது. ஏற ஏறத் தொய்வை இழுத்துக்கொண்டே இருந்தால், கை நழுவினாலும் பெரிதாக விழ வாய்ப்பில்லை. இதை எத்தனை முறை விளக்கினாலும் உடம்பு நம்பாது. அதனால்தான் அனுபவமுள்ள பயிற்றுநர்கள் முதலில் தரைக்குக் கொஞ்சம் மேலேயே கையை விடச் சொல்வார்கள். கயிறு தாங்குவதை ஒருமுறை உணர்ந்த பிள்ளையின் முகமே வேறு.

ஆனால் கயிற்றை நம்பு என்று சொல்வது எப்போதும் எளிதாக இருந்ததில்லை. 2021 பிப்ரவரியில் இங்கே பள்ளி நடவடிக்கை ஒன்றின்போது, உயரமான தடைப்பாதையில் கால் நழுவிய 15 வயது மாணவர் ஒருவர் மறுநாள் இறந்துபோனார். உயரம் சார்ந்த பள்ளி நடவடிக்கைகளைக் கல்வி அமைச்சு அப்போது நிறுத்தி வைத்தது. அதற்குப் பிறகு, பட்டைகளைச் சரிபார்க்கும் இடத்தில் நிற்கும்போதெல்லாம் என் வயிறு இறுகும். பெற்றோர் சந்திப்பில் வரும் கேள்விகளும் மாறிவிட்டன. முன்பு "என் பிள்ளை தைரியசாலி ஆவானா?" என்பார்கள். இப்போது "வேண்டாம் என்றால் விட்டுவிடுவீர்களா?" என்கிறார்கள். இரண்டாவதுதான் நல்ல கேள்வி. வேண்டாம் என்று தோழர்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்ல, ஏறுவதைவிட அதிகத் துணிச்சல் வேண்டும்.

இந்த ஊரில் இன்னொரு விஷயம், மின்னல் எச்சரிக்கை. அது வந்துவிட்டால் கயாக் என்ற துடுப்புப் படகும் கிடையாது, கயிறும் கிடையாது, எல்லாரும் கூரைக்குக் கீழே. உயிர்காப்பு அங்கியை அணிந்தபடியே காத்திருக்கும் அந்த நேரத்தில்தான் உண்மையான பயங்கள் வெளியே வரும். பொதுக் குளியலறை. கைப்பேசி இல்லாத இரவு. 'எங்கள் கூடாரத்துக்கு வா' என்று யாரும் கூப்பிடாமல் போய்விடுவார்களோ என்ற கவலை. பெற்றோர் நிரப்பும் உடல்நலப் படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

ஒரு முகாமில் பள்ளிக் காற்பந்து அணியின் முக்கிய ஆட்டக்காரன் ஒருவன் இருந்தான். பகலில் எதற்கும் முதலில் கை தூக்குவான். இரவில் இருட்டில் கழிப்பறைக்குப் போக அவனுக்கு நடுக்கம். அவன் கூடாரத் தோழன், ஒல்லியான பையன், ரோந்து வந்த என்னிடம், "சார், எனக்குத் தனியா போக பயமா இருக்கு, இவனைத் துணைக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டான். யாருக்குப் பயம் என்பது மூன்று பேருக்குமே தெரியும். போங்க என்றேன். மறுநாள் சிலர் அந்த ஒல்லிப் பையனைக் கிண்டல் செய்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். காற்பந்துக்காரன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "பயந்தது நான்தான்டா" என்றான். கிண்டல் அத்தோடு நின்றது.

இப்போதெல்லாம் என் வகுப்பு ஏறும்போது ஒரு விதி வைக்கிறேன். மேலே இருப்பவரிடம் பயிற்றுநரும் கயிறு பிடிப்பவர்களும் மட்டுமே பேசலாம். மற்றவர்கள் அவர் இறங்கியபின் கைதட்டலாம். எங்கள் உடற்கல்வி ஆசிரியருக்கு இதில் உடன்பாடே இல்லை. முகாம் தேர்வு மண்டபம் மாதிரி ஆகிவிட்டதாம். அவருடைய வகுப்பு வழக்கம்போல் தொண்டை கிழியக் கத்துகிறது. அங்கேயும் சில பிள்ளைகள் ஏறத்தான் செய்கிறார்கள்.